ரோஜா அதுவா, அவளா?

பாரிஸ் புறநகரில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும். தடக்கித் தடக்கியாவது ஒரு பக்கத்தை முடித்துவிடுவார்கள். பாடத்தின் கீழே இருக்கிற கேள்விகளுக்கும் பதில் எழுதுவார்கள். "முயல் எங்கே சென்றது?" என்று கேள்வி இருந்தால், பாடத்தில் 'சென்றது' என்ற சொல் எங்கே கிடக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே கொப்பியில் இறக்கிவிடுவார்கள். முயல் காட்டுக்குப் போனதா கடைக்குப் போனதா என்று தெரியாமலேயே பத்துக்குப் பத்து வாங்கலாம்.

இலக்கணம் இன்னொரு மூலையில் தனியாகக் கிடக்கும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பாட்டுப்போல ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையிடம் 'வீடு' என்பதோடு 'இல்' சேர்த்து எழுதச் சொன்னால் 'வீடில்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். வாசிப்புக்கு ஒரு மணித்தியாலம், இலக்கணத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று நேரசூசியில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருப்பதில்தான் கோளாறு என்பது என் எண்ணம். ஒரு வசனத்தை யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எந்த உரிமையில் சொன்னது என்பதெல்லாம் தமிழில் விகுதியிலும் உருபிலும்தான் இருக்கிறது. அதைக் கவனிக்காதவருக்கு வசனம் விளங்காது. வசனம் விளங்காதவருக்கு அந்த விகுதி எதற்கென்றும் தெரியாது.

இதற்காக நான் எடுத்துக்கொண்ட புத்தகம் 'குட்டி இளவரசன்'. அந்துவான் து செந்த்-எக்சுபெரி எழுதியது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து, க்ரியா வெளியிட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்காரர். எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள். இந்தக் கதையைப் பிரெஞ்சில் வாசித்தோ, பள்ளிக்கூடத்தில் கேட்டோ, படமாகப் பார்த்தோ இருப்பார்கள். ஒரு தகப்பன் இதைத்தான் கேட்டார்: "பிரெஞ்சுக் கதையை அவை அங்க படிப்பினம்தானே ரீச்சர், தமிழ் வகுப்பில தமிழ்க் கதை படிப்பிக்கக் கூடாதோ?"

நியாயமான கேள்வி. ஆனால் கதை முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பு இல்லாத பிள்ளை, இதைத் தமிழ் எப்படிச் சொல்கிறது என்று பார்க்க ஆறுதலாக இருக்கும். தெரியாத கதையைத் தெரியாத மொழிநடையில் கொடுத்தால் பிள்ளை இரண்டையும் ஒரேயடியாகத் தூக்க வேண்டும். பதினொரு வயதில் அது பாரம்.

இன்னொரு காரணமும் உண்டு. 27 சின்ன அத்தியாயங்கள். நடுவில் இளவரசன் ஆறு குட்டிக் கிரகங்களுக்குப் போகிறான். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆள். அரசன், தற்பெருமைக்காரன், குடிகாரன், வியாபாரி, விளக்கேற்றுபவன், புவியியலாளர். ஒவ்வொருவருக்கும் ஒரு வகைப் பேச்சு. அரசனுக்குக் கட்டளை, குடிகாரனுக்குக் காரணம், வியாபாரிக்கு எண். இலக்கண ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் வகுப்பிலேயே வந்த கேள்வி இலக்கணத்தைப் பற்றியது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. "இதில 'நான்' எண்டு சொல்லுறது ஆர், எழுதினவரா?" தன்மை ஒருமை என்று கரும்பலகையில் எழுதுவது சுலபம்; அந்த 'நான்' யார் என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. எழுதியவர் விமானி. 1935 டிசம்பரில் சகாரா பாலைவனத்தில் உண்மையாகவே விழுந்து தப்பியவர். கதையில் வரும் 'நானும்' பாலைவனத்தில் இறங்கிய விமானி. ஆகவே இருவரும் ஒரே ஆள் என்று வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். உண்மையில் விழுந்தபோது அவரோடு ஒரு மெக்கானிக் இருந்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். கதையின் 'நான்' தன்னோடு மெக்கானிக்கும் இல்லை, பயணிகளும் இல்லை என்கிறான். ஒரு பிள்ளை அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அப்ப இது வேற நான்" என்றாள். கதைசொல்லி வேறு, எழுதியவர் வேறு என்று நான் அரை மணித்தியாலம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

எழுதியவரைப் பற்றி இவ்வளவுக்கு மேல் நான் சொல்வதில்லை, கேட்டால் தவிர. புத்தகம் 1943இல் நியூயோர்க்கில்தான் முதலில் வந்தது, பிரான்சில் 1946இல். அதற்கிடையில், 1944 ஜூலை 31ஆம் திகதி, கோர்சிகாத் தீவிலிருந்து விமானத்தில் கிளம்பியவர் திரும்பவில்லை. விமானத்தின் சிதைவுகள் 2000இல் மார்செய்க்குக் கிட்டக் கடலடியில் அகப்பட்டு, 2004இல் அவருடையதுதான் என்று உறுதியானது. பழைய 50 பிராங் நோட்டில் இவர் முகமும் இளவரசனும் இருந்ததைப் பெற்றோரில் மூத்தவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டு முதலில் அச்சானபோது அவர் பெயரில் வரக்கூடாத இடத்தில் ஓர் உச்சரிப்புக் குறி வந்துவிட்டது, பிறகு திருத்தினார்கள். மத்திய வங்கியே எழுத்துப்பிழை விட்டிருக்கிறது என்று கேட்டதும் என் வகுப்பில் றகர ரகரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது.

வாசிக்கிற முறை எளிது. முதல் தடவை சத்தமாக, ஆளுக்கொரு பந்தி, அகராதி கிடையாது. இரண்டாம் தடவை பென்சிலோடு. ஒவ்வொரு வசனத்திலும் வினைமுற்றைத் தேடிக் கீழே கோடு போட வேண்டும். பிரெஞ்சில் பழகிய பிள்ளை எழுவாயைக் கண்டதும் அடுத்த சொல் வினை என்று எதிர்பார்க்கும். தமிழில் வினை கடைசியில் போய்க் குந்தியிருக்கும். நடுவில் வருகிற எச்சங்களெல்லாம் வினைபோலத் தெரியும். அதனால் நீண்ட வசனத்தில் நடுவழியில் தொலைந்துபோவார்கள்.

நாங்கள் கொப்பியில் எழுதிய ஒரு வசனம்: 'தன் சின்னக் கிரகத்தில் நாற்காலியை நகர்த்தி நகர்த்திச் சூரியன் மறைவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தவன் பூமிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை.' இதில் நகர்த்தி, மறைவதை, பார்த்து, வந்த என்று வினைபோல எத்தனை நிற்கின்றன! கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கச் சொல்வேன். மறக்கவில்லை. யார் மறக்கவில்லை? பார்த்துக்கொண்டிருந்தவன். எதை மறக்கவில்லை? பழக்கத்தை. எப்போது? வந்த பிறகும். எங்கே வந்த? பூமிக்கு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலும் வினையைப் பிடித்து 'யார்' என்று கேட்டுத்தான் எழுவாயைக் கண்டுபிடிக்கப் பழக்குகிறார்கள். ஆகவே எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பெயர் சொன்னதும், "இது எங்களுக்குத் தெரியும் ரீச்சர்" என்றார்கள். தெரியும்தான். தமிழிலும் அதே கேள்வியைக் கேட்கலாம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சூரிய மறைவு ஒரு சண்டையையும் கிளப்பியது. ஒரே நாளில் இளவரசன் அதை எத்தனை தடவை பார்த்தான்? பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரெஞ்சுப் புத்தகங்களில் ஒன்றில் 43, இன்னொன்றில் 44. பதிப்புக்குப் பதிப்பு மாறுகிற எண் அது. பிரதி எடுப்பவர் கை தவறினாலும் இப்படி ஆகும், எழுதியவரே மாற்றினாலும் இப்படி ஆகும் என்று சொல்லி விட்டுவிட்டேன். அச்சில் வந்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்காது என்று பன்னிரண்டு வயதில் தெரிவது நல்லதுதான்.

அரசனுடைய கிரகத்துக்கு வருவோம். இளவரசன் களைத்துப்போய் வந்து கொட்டாவி விடுகிறான். அரசன் முன்னால் கொட்டாவி விடுவது முறைகேடு, விடாதே என்கிறார். அடக்க முடியவில்லை என்கிறான். அப்படியென்றால் விடு, இது கட்டளை என்கிறார். இப்போது பயத்தில் கொட்டாவி வரமாட்டேன் என்கிறது. விடு, விடாதே: ஏவலும் எதிர்மறை ஏவலும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நாங்கள் இதை நடித்தோம். அரசனாக வந்த பையன் கதிரையை விட்டு எழும்பாமலேயே வகுப்பு முழுவதற்கும் கட்டளையிட்டான்: இரு, எழும்பு, சிரி, சிரிக்காதே.

பிறகு இளவரசன் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறான். அரசன் சூரியனுக்குக் கட்டளையிடத்தான் வேண்டும். ஆனால் சமயம் பார்த்துத்தான். நாட்காட்டியைப் புரட்டிவிட்டு, இன்று மாலை ஏழு நாற்பது அளவில் என் கட்டளைக்குச் சூரியன் எப்படிக் கீழ்ப்படிகிறது பார் என்கிறார். இங்கே என் கேள்வி: அரசன் சூரியனை முன்னால் நிறுத்தி 'மறை' என்று சொல்லலாம். சூரியன் அங்கே இல்லாதபோது எப்படிச் சொல்வார்? 'சூரியன் மறை' என்றால் வசனம் நொண்டுகிறது. கொஞ்ச நேரம் யோசித்து ஒருத்தி 'மறையட்டும்' என்றாள். இன்னொருவன் 'வாழ்க' மாதிரி 'மறைக' என்றான். ஏவல் முன்னால் நிற்பவருக்கு மட்டும். வியங்கோள் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் பொது. இலக்கணப் புத்தகத்தில் இது ஒரு வரி. அரசனின் கிரகத்தில் இது அவருடைய அதிகாரத்தின் எல்லை. முன்னால் நிற்பவரைத்தான் விரட்டலாம், தூரத்தில் இருப்பதை 'ஆகட்டும்' என்று சொல்லிவிட்டு ஏழு நாற்பது வரை காத்திருக்க வேண்டும். எதற்காக அந்த ஆள் சிரிப்புக்கு இடமாகிறார் என்று பிறகு நான் தனியாகக் கேட்கவே இல்லை.

கட்டளையோடு ஒட்டிப் பிறந்தது மரியாதை. பிரெஞ்சில் நெருக்கத்துக்குத் 'தூ', மரியாதைக்கு 'வூ' என்று இரண்டு. எங்கள் ஊர்த் தமிழில் மூன்று: நீ, நீர், நீங்கள். வா, வாரும், வாங்கோ. பிரெஞ்சு மூலத்தில், இளவரசனின் கிரகத்தில் முளைத்துப் பேசுகிற ரோஜா முதலில் அவனை 'வூ' என்றுதான் அழைக்கிறது, அவனும் அப்படியே. அவன் கிரகத்தை விட்டுப் போகிற கடைசி நேரத்தில், மன்னிப்புக் கேட்கும்போதுதான் அது 'தூ' ஆகிறது. இதைப் பிரெஞ்சில் பலமுறை வாசித்திருந்தும் யாருமே கவனித்திருக்கவில்லை. தமிழில் நாங்களே அந்த உரையாடலை எழுதிப் பார்க்கும்போது, வினையின் கடைசியில் ஆய் போடுவதா, ஈர் போடுவதா, ஈர்கள் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டி வந்ததால் கவனித்தார்கள்.

ரோஜா 'நீங்கள்' என்று தொடங்க வேண்டுமென்று பெரும்பாலானோர் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் 'நீர்' என்றான். ஏனென்று கேட்டால், "அம்மம்மா அப்பப்பாவைக் கூப்பிடேக்க அப்படித்தான் சொல்லுவா, கோவம் வந்தால்" என்றான். அவன் சொன்னது அம்மப்பாவை, அப்பப்பாவை இல்லை. அதைத் திருத்தினோம். ஆனால் 'நீர்' சரிதான். கொஞ்சம் நெருக்கம், கொஞ்சம் மிடுக்கு, எந்த நேரமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. அந்த ரோஜாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சொல். 'நீர் இரவில் என்னை மூடி வைப்பீரா? உம்முடைய இடம் மிகவும் குளிர்கிறது' என்று எழுதி வாசித்தபோது வகுப்பு முழுதும் சிரித்தது.

தற்பெருமைக்காரனைச் சுருக்கமாகவே கடந்தோம். கைதட்டினால் தொப்பியைத் தூக்குகிறான், திரும்பத் தட்டினால் திரும்பத் தூக்குகிறான். விளக்கேற்றுபவனிடமிருந்து 'ஏற்றியதும் அணைக்கிறான், அணைத்ததும் ஏற்றுகிறான்' என்ற ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டோம். அது போதும்.

குடிகாரன் ஒரு பக்கம்தான், ஆனால் வேற்றுமைப் பாடம் முழுவதும் அவன் வாயில் இருக்கிறது. ஏன் குடிக்கிறாய்? மறக்க. எதை மறக்க? வெட்கத்தை. எதனால் வெட்கம்? குடிப்பதால். நோக்கத்துக்கு 'மறக்க' அல்லது 'மறப்பதற்காக', பொருளுக்கு ஐ, காரணத்துக்கு ஆல். இதை ஒரே வசனமாக எழுதச் சொன்னேன். 'குடிப்பதால் வரும் வெட்கத்தை மறப்பதற்காகக் குடிப்பதால் வரும் வெட்கத்தை மறப்பதற்காக...' என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தி பக்கத்தின் ஓரம் வரை எழுதி, மற்றப் பக்கம் புரட்டி, கடைசியில் பென்சிலை வைத்துவிட்டு, "வினைமுற்று வருதே இல்லை ரீச்சர்" என்றாள். அந்த மனிதனின் நிலைமையும் அதுதானே. இந்த அத்தியாயத்தில் வீட்டு நிலவரம் எதையும் தொடுகிற கேள்வி கேட்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். வசனத்தோடு நிற்பது பிள்ளைகளுக்கும் நிம்மதி.

வியாபாரி நட்சத்திரங்களை எண்ணிக் கூட்டிக்கொண்டிருக்கிறார். மொத்தம் 501,622,731. இதைத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். மில்லியனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் தடை கோடி. காற்புள்ளியை இடம் மாற்றி 50,16,22,731 என்று எழுதிக் காட்டினேன். ஐம்பது கோடியே பதினாறு இலட்சத்து இருபத்திரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று. முதலில் வாய் தடுமாறியது, பிறகு போட்டி போட்டுச் சொன்னார்கள்.

அப்புறம்தான் விசயம். இலட்சம் ஏன் 'இலட்சத்து' ஆனது? ஆயிரம் ஏன் 'ஆயிரத்து'? நூறு ஏன் 'நூற்று'? அடுத்த சொல்லுக்குக் கை நீட்டுவதற்காகச் சொல் தன் உருவத்தை மாற்றுகிறது. மகரத்தில் முடிவது அத்து வாங்குகிறது: மரம், மரத்தை, இலட்சம், இலட்சத்து. று, டு என்று முடிவது இரட்டிக்கிறது: ஆறு, ஆற்றில்; நூறு, நூற்று; வீடு, வீட்டில். வீடில் என்று எழுதிய பிள்ளை கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரி ஏதோ ஒரு வகையில் உபயோகமானவர்தான்.

எண்ணில் இன்னொரு வேடிக்கை. பிரெஞ்சில் தொண்ணூற்றை 'நாலு இருபது பத்து' என்று சொல்லித்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதைப் பற்றிக் கேலியும் பண்ணுவார்கள். தமிழில் ஒன்பது பத்து ஏன் தொண்ணூறு, அதில் நூறு எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்டேன். ஒன்பது நூறு தொள்ளாயிரம், அதில் ஆயிரம் இருக்கிறது. இரண்டு மொழியும் ஒன்பதுக்கு வந்ததும் மாறாட்டம் பண்ணுகின்றன என்று ஒத்துக்கொண்டு சமாதானமாகப் போனோம்.

நான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே ரோஜாவுக்காக.

உயர்திணை, அஃறிணை என்பது தமிழ் இலக்கணத்தின் முதல் படி. 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்கிறது நன்னூல். உயிருள்ளதும் இல்லாததுமாகிய மற்றதெல்லாம் அஃறிணை. அப்படியென்றால் பூ அஃறிணை. 'பூ மலர்ந்தது' என்றுதான் எழுத வேண்டும். பிரெஞ்சில் பூ பெண்பால், ஆனால் அங்கே கதவும் மேசையும்கூடப் பெண்பால்தான், ஆகவே அதில் தனியாக ஒன்றும் தெரியாது. தமிழில் பூவை 'அவள்' என்றால் அது சும்மா வராது. ஒருவர் தெரிந்து செய்ய வேண்டும்.

எட்டாம், ஒன்பதாம் அத்தியாயங்களைச் சொந்த வார்த்தையில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பாதிப் பேர் தொடக்கம் முதல் முடிவு வரை 'அது'. சிலர் 'அவள்'. ஒருத்தியின் கொப்பியில் மட்டும் முதல் பந்தியில் 'அது முளைத்தது, அது மொட்டு விட்டது' என்று இருந்தது. பிறகு 'அவள் இருமினாள்' என்று மாறியிருந்தது. பழைய பழக்கமாக இருந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, 'திணை மயக்கம்' என்று எழுதியிருக்க வேண்டும். கூப்பிட்டுக் கேட்டேன். "முதல் அது செடிதானே ரீச்சர். கதைக்க வெளிக்கிட்டாப் பிறகுதான் அவள்" என்றாள்.

இருமல் எங்கே வருகிறது தெரியுமா? ரோஜா தன் பழைய ஊரைப் பற்றிப் பெருமை பேசத் தொடங்குகிறது: நான் வந்த இடத்தில்... என்று. அங்கேயே நின்றுவிடுகிறது. விதையாக வந்தது அது, வேறொரு உலகத்தையும் அதற்குத் தெரியாது. பொய் பிடிபட்டுவிட்டது. இருமுகிறது. பொய் சொல்லி அகப்பட்டு, சமாளிக்க இருமுகிற ஒன்றை எப்படி அஃறிணையில் எழுதுவது? அந்தப் பிள்ளை மாறிய இடம் சரியான இடம்.

நன்னூலுக்கும் இது தெரியும். 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே' என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. மகிழ்ச்சியிலோ கோபத்திலோ உயர்த்தியோ தாழ்த்தியோ பேசும்போது திணை மாறினாலும் குற்றமில்லை. வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உரைகாரர் காலத்திலிருந்து வருகிற உதாரணம். இந்தச் சூத்திரத்தை நான் பள்ளிக்கூடத்தில் சோதனைக்காகப் பாடமாக்கியவள். அதை வைத்து ஒரு கதையை வாசிக்கலாம் என்று அப்போது எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

பிறகு இருபதாம் அத்தியாயம். பூமியில் ஒரு தோட்டத்தில் இளவரசன் ஐயாயிரம் ரோஜாக்களைப் பார்க்கிறான். எல்லாம் அவனுடைய ரோஜாவைப் போலவே இருக்கின்றன. தன்னுடையது உலகத்தில் ஒன்றே ஒன்று என்று நம்பியிருந்தவன் புல்லில் படுத்து அழுகிறான். நரியிடம் பேசிய பிறகு திரும்பிப் போய், நீங்கள் யாரும் என் ரோஜாவைப் போல இல்லை என்று சொல்கிறான். வகுப்பில் இதைச் சொந்த வார்த்தையில் எழுதியபோது யாரும் சொல்லித்தராமலே தோட்டத்து ரோஜாக்கள் 'அவை' ஆயின, அவனுடையது 'அவள்' ஆனது. 'அவை அழகாக இருந்தன. ஆனால் அவளுக்குத்தான் நான் தண்ணீர் ஊற்றினேன்.' இரண்டு வசனம். நரி அத்தியாயம் முழுவதும் எதைப் பற்றியது என்று கேட்டு ஒரு பக்கம் பதில் எழுதச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

நரியைப் பற்றி ஒரு சின்ன முறைப்பாடு. முக்கியமானது கண்ணுக்குத் தெரியாது என்ற அதன் இரகசியம் கோப்பையிலும் சட்டையிலும் கலியாண அட்டையிலும் அச்சாகி அச்சாகித் தேய்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். மனப்பாடமான வசனத்தில் வாசிப்புப் பாடம் நடத்த முடியாது, கண் அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும். எனக்குப் பிடித்தது அதற்குச் சற்று முன்னால் வருகிற வசனம்: நீ நாலு மணிக்கு வந்தால், மூன்று மணிக்கே நான் சந்தோசப்படத் தொடங்கிவிடுவேன். அந்த 'ஏ'யை எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். மூன்று மணிக்குச் சந்தோசப்படத் தொடங்குவேன் என்றால் அது ஒரு நேரசூசி. ஏகாரம் வந்ததும் காத்திருப்பு வந்துவிடுகிறது. அதே போல 'வந்தால்' என்பதை 'வந்தாலும்' என்று மாற்றிப் பார்த்தோம். நரி நன்றிகெட்ட நரியாகிவிட்டது. ஓர் உம்மை போதும் சிநேகிதத்தைக் கெடுக்க.

'ஆல்' எச்சத்துக்கு வீட்டுவேலையும் புத்தகத்திலேயே இருக்கிறது. தாகம் தீர்க்கிற குளிசை விற்கிற ஒருவர் வருகிறார். வாரத்துக்கு ஒன்று விழுங்கினால் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை, 53 நிமிடம் மிச்சம். எனக்கு 53 நிமிடம் கிடைத்தால் மெல்ல ஒரு நீரூற்றை நோக்கி நடப்பேன் என்கிறான் இளவரசன். உங்களுக்குக் கிடைத்தால்? பதில்கள் நேர்மையாக இருந்தன: நித்திரை கொள்வேன், போன் பார்ப்பேன், தமிழ் வகுப்புக்கு 53 நிமிடம் பிந்தி வருவேன். இலக்கணம் எல்லாவற்றிலும் சரி.

எந்த இடத்தில் பென்சிலை எடுக்கக்கூடாது என்பதும் இந்த முறையில் முக்கியம். கடைசி மூன்று அத்தியாயங்களில் நான் கோடு போடச் சொல்வதில்லை. கேள்வியும் இல்லை. நானே சத்தமாக வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். எல்லாப் பக்கத்தையும் பயிற்சியாக்கினால் பிள்ளை அடுத்த புத்தகத்தைத் திறக்கும்போதே எங்கே கோடு போடுவது என்று பார்க்கும். அதற்கு மேல் அந்தப் பிள்ளை தானாக வாசிக்காது. பாடப்புத்தகம் செய்கிற வேலையைக் கதைப்புத்தகத்தையும் செய்ய வைத்தால் இரண்டு பாடப்புத்தகம்தான் மிஞ்சும்.

"சோதனைக்கு எப்ப படிப்பிப்பியள்?" என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கிரகம் கிரகமாக எந்த இலக்கணம் முடிந்தது என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளே எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன்: ஏவல், வியங்கோள். குடிகாரன்: வேற்றுமை. வியாபாரி: எண்ணுப்பெயர், சாரியை. ரோஜா: திணை, பால், வழுவமைதி. நரி: நிபந்தனை எச்சம், ஏகாரம், உம்மை. பாடத்திட்டத்தோடு வைத்துப் பார்த்தால் புணர்ச்சியில் கொஞ்சம் குறைவு. அதை வேறு நாளில் வேறு விதமாகச் செய்யத்தான் வேண்டும். யாப்பு, அணி பக்கம் இந்தப் புத்தகம் உதவாது.

இதே மாதிரிச் செய்து பார்க்க நினைக்கிற ஆசிரியர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டுமென்றில்லை. அரசனிலிருந்து தொடங்கலாம், நடிக்கலாம் என்பதால் வெட்கப்படுகிற பிள்ளையும் வாய் திறக்கும். ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் பெற்றோர் வந்து கூட்டிப் போகிற நேரத்துக்கு ஒட்டி வையுங்கள். பாவோபாப் மரங்களைப் பற்றிய அத்தியாயம் அது: முளையிலேயே கிள்ள வேண்டும், பிந்தக் கூடாது, ரோஜாக் கன்று எது என்று பார்த்துக் கிள்ள வேண்டும். வேண்டும், கூடாது இரண்டுக்கும் அதைவிட நல்ல இடமில்லை. எங்கள் வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய், "இது எங்கட நெடுந்தீவுப் பெருக்கமரமெல்லே" என்றார். மன்னாரிலும் நிற்கிறது என்று இன்னொருவர். அப்புறம் பிள்ளைகள் யாரும் வீட்டுக்குப் போக எழும்பவில்லை. அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும், அதன் காயைச் சாப்பிடலாமா, யார் ஏறினது என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாம் தமிழில். வினைமுற்றும் ஒழுங்காக வந்தது.